உலகத்து நிலம் எவ்வளவு?



பூமியிலே நிலம் மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் பாடசாலைப் பிள்ளையும் விடை சொல்லும். 14 கோடி 90 இலட்சம் சதுர கிலோமீற்றர். பழைய கணக்கிலே 5 கோடி 75 இலட்சம் சதுர மைல். பூமியின் மேற்பரப்பில் இது 29 வீதம். ஒரு வளவின் எல்லையை அளப்பதற்கே நில அளவையாளர் நாள் முழுவதும் வெயிலில் நிற்கிறார். உலகம் முழுவதையும் எவர் அளந்தார்? எந்தச் சங்கிலி கொண்டு அளந்தார்?

ஒருவர் தராசிலே நிறுத்துப் பார்த்தார் என்றால் நகைப்பீர்கள். ஆயினும் அது உண்மை. கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த றோஜர் லோங் என்னும் வானசாஸ்திரி 1742-ம் ஆண்டில் வெளியான தமது நூலில் இதனைக் கூறுகிறார். பூகோள உருண்டை செய்பவர்கள், இரு நுனியும் ஒடுங்கிய நீண்ட தாள்களிலே உலகப் படத்தை அச்சிட்டு உருண்டைமேல் ஒட்டுவது வழக்கம். அத்தகைய தாள்களை எடுத்து, கரையோரத்தைப் பின்பற்றிக் கத்தரித்து, நிலத்தை ஒரு குவியலாகவும் கடலை மற்றொரு குவியலாகவும் சேர்த்தார். துருவங்களை அடுத்த பகுதிகள் அக்காலத்தில் அறியப்படாதவை. ஆதலால் அவற்றை நீக்கிவிட்டார். நிறுத்தபோது கடல் 349 கிறெயின், நிலம் 124 கிறெயின். அதாவது நிலம் 26 வீதம். கத்தரிக்கோலும் தராசும் கொண்டு ஒரு மனிதர் இவ்வளவு கிட்ட வந்தது வியப்பே. சுவரிலே தொங்கும் தட்டைப் படத்தை வெட்டியிருந்தால் ஏமாந்திருப்பார். மேர்கேற்றர் முறையில் வரைந்த படத்திலே கிறீன்லாந்து ஆபிரிக்காவோடு போட்டிக்கு நிற்கும். உண்மையிலோ ஆபிரிக்கா அதனைப்போல் பதினான்கு மடங்கு.

தராசு பிழை செய்யாது. படம் பிழை செய்யும். 1570-ல் ஓட்டேலியஸ் வெளியிட்ட உலகப் படத்தில், தென்துருவத்தைச் சுற்றி எவரும் கண்டிராத ஒரு பெருங்கண்டம் வரையப்பட்டிருந்தது. அப்படத்தை நிறுத்திருந்தால் இல்லாத நிலமும் கணக்கிலே ஏறியிருக்கும். 1772 முதல் 1775 வரை கப்டன் குக் தென்கடலைச் சுற்றிவந்து அக்கற்பனையைக் கலைத்தார். பின்னர் 1820-ல் உண்மையான அந்தாட்டிக்கா கண்ணிற்பட்டது. இப்படியாக உலகத்து நிலம் ஏட்டிலே ஒருமுறை சுருங்கி, மறுமுறை விரிந்தது.

1854-ல் சுவிற்சர்லாந்துக்காரரான அம்ஸ்லர், படத்தின் எல்லைக்கோட்டின் மீது ஊசியை ஓட்டினால் பரப்பளவைக் காட்டும் கருவி ஒன்றை அமைத்தார். 1921-ல் ஜெர்மனியரான கொசினா, நிலம் 14 கோடி 89 இலட்சம் சதுர கிலோமீற்றர் என்று கணக்கிட்டார். அதன்பின் 1972 முதல் லான்ட்சற் செய்மதிகள் வானிலிருந்து படமெடுத்து வருகின்றன. ஆயினும் பாடப்புத்தகத்துத் தொகை ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது.

அப்படியானால் அளவு முடிந்ததா? இல்லை. எதனை நிலம் என்பது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அந்தாட்டிக்காவின் ஓரத்தில் சுமார் 15 இலட்சம் சதுர கிலோமீற்றர் பனித்தட்டு கடலிலே மிதக்கிறது. அக்கண்டத்துக்கு வழக்கமாகச் சொல்லும் 1 கோடி 40 இலட்சத்தில் அதுவும் அடக்கம். ஏரிகளும் நிலக் கணக்கிலேயே சேருகின்றன. நமது இலங்கையின் 65,610 சதுர கிலோமீற்றரில் 2,905 உள்நாட்டு நீர்நிலைகள்! குளங்களை நாம் காணியாக எண்ணுகிறோம் என்று எவரும் குறை சொல்லவில்லை.

நிலமும் அசையாமல் இருப்பதில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் செய்மதிப் படங்களை ஒப்பிட்டு 2016-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். முப்பது ஆண்டுகளில் 1,15,000 சதுர கிலோமீற்றர் நிலம் நீரானது. 1,73,000 சதுர கிலோமீற்றர் நீர் நிலமானது. கழித்துப் பார்த்தால் உலகத்துக்கு 58,000 இலாபம். ஏறக்குறைய ஓர் இலங்கை!

இந்த இலாபத்தைக் கேட்டு மகிழ்வதற்கு முன், அது எங்கே கிடைத்தது என்று பாருங்கள். கொழும்புத் துறைமுக நகருக்காகக் கடலிலே மணல் கொட்டி எடுத்த 269 ஹெக்டேயரும், சிங்கப்பூர் கடலைத் தூர்த்துச் சேர்த்த நிலமும் இத்தகைய வரவுதான். பெரும் வரவோ ஏரல் கடலில். 1960-ல் அது சுமார் 68,000 சதுர கிலோமீற்றர். அதற்கு வந்த இரு நதிகளையும் சோவியத் ஆட்சியினர் பருத்தி வயல்களுக்குத் திருப்பியதால் வற்றி, இன்று பத்தில் ஒரு பங்களவே எஞ்சியுள்ளது. மொய்னாக் என்னும் மீன்பிடித் துறைமுகத்திலே கப்பல்கள் மணலில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. மீனவர் தொழில் போயிற்று. உப்புத் தூசி ஊர்களின்மேல் வீசுகிறது. ஏட்டிலே அது நிலம். அங்கு வாழ்பவனுக்கு அது கடலும் அன்று, காணியும் அன்று.

ஆகவே, இளைஞர்களே, மொத்தத் தொகையை விட்டு நமக்கு விளங்கும் அளவிலே ஒரு கணக்குப் போடுவோம். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பது நீங்கள் அறிந்ததே. 2022-ல் உலக மக்கள் தொகை 800 கோடியை எட்டியது. பனியையும் பாலைவனத்தையும் மலையுச்சியையும் சேர்த்துப் பங்கிட்டால் ஆளுக்கு ஏறக்குறைய நாலரை ஏக்கர். 1950-ல் 250 கோடிப் பேர் இருந்தபோது அதே பங்கு பதினாலு ஏக்கருக்கு மேல். பயிர் செய்யும் நிலத்தை மட்டும் இன்று பங்கிட்டால், ஆளுக்குக் கிடைப்பது ஏறக்குறைய எட்டுப் பரப்பு.