புதிய கணினித் தளத்திற்கு மாறலாமா?

(திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இலக்கணம் பேச வேண்டிய தமிழாசிரியன் இன்று கணினியைப் பற்றிப் பேச எழுந்திருக்கின்றான். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நம் எழுத்து இன்று எதன்மேல் வாழ்கின்றது? ஓலைமேல் அன்று; தாள்மேலும் முழுதும் அன்று. கணினிக்குள் வாழ்கின்றது. அக் கணினியின் அடித்தளம் பெயருங்கால் அதன்மேல் நிற்கும் எழுத்து என்னாகும் என வினவுதல் தமிழாசிரியனின் கடமையே ஆகும்.

நம் மன்றத்துக் கணினிகளில் ‘விண்டோசு 10’ என்னும் இயங்குதளம் இருப்பதை அறிவீர்கள். அதற்குரிய காப்பு முடிந்தது, ‘விண்டோசு 11’-க்கு மாறுக என்னும் அறிவிப்பு திரையில் தோன்றியது முதல் நம்மிடையே இரு கருத்துகள் உலவுகின்றன. “புதியது வந்துவிட்டது, உடனே மாறுவோம்” என்கின்றனர் இளையோர். “உள்ளது நன்றாகத்தானே ஓடுகின்றது, ஏன் மாற்ற வேண்டும்?” என்கின்றனர் மூத்தோர். இரு சாராரும் சினந்து பேசுகின்றனர். தீர்ப்புக்கு முன் வழக்கைப் பகுத்துக் காண்போம்.

இயங்குதளம் என்பது யாது? கணினியின் உறுப்புகளுக்கும் நாம் ஆளும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று, இதற்கு இவ்வளவு நினைவகம், இதற்கு இந்த அச்சுப்பொறி என்று பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை மென்பொருள் அது. வீட்டிற்குக் கடைக்கால் எத்தகையதோ அத்தகையது. அது மாறும்போது மூன்று மாறுகின்றன: முகம் மாறுகின்றது, பூட்டு மாறுகின்றது, நமக்கும் அதனை ஆக்கிய நிறுவனத்திற்கும் உள்ள பிணைப்பு மாறுகின்றது. இம் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே நம் பூசலுக்குக் கரணியம்.

முதலில் முகம். 2021 அக்தோபர் 5-இல் விண்டோசு 11 வெளிவந்தபோது, இடப்பக்க மூலையில் இருந்த ‘தொடங்கு’ பொத்தான் நடுவுக்கு வந்திருந்தது. வலச்சொடுக்கில் விரியும் பட்டியல் சுருங்கியிருந்தது. பல்லாண்டு பழகிய கை தடுமாறியது. இத்தகைய தடுமாற்றம் புதிதன்று. 2012 அக்தோபர் 26-இல் வந்த விண்டோசு 8, அத் ‘தொடங்கு’ பொத்தானையே எடுத்துவிட்டது. தொடுதிரைக்கென வரைந்த முகத்தை மேசைக் கணினிக்கும் மாட்டினர். மக்கள் முணுமுணுத்தனர். ஓராண்டில், 2013 அக்தோபரில், 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது. 2015 சூலை 29-இல் வந்த பத்தாம் பதிப்பில் பழைய பட்டியலும் திரும்பியது. பயன்படுத்துவோர் குரலெழுப்பினால் நிறுவனமும் இறங்கி வரும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

ஆயினும் முகம் பெரிதன்று. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்மையை நடைமுறைப்படுத்தியபோது, ணை, லை, னை ஆகியவற்றின் பழைய வளைவுகள் நீங்கின. எழுதிப் பழகிய கைகள் சில கிழமைகள் தயங்கின, பின்னர்ப் பழகிக்கொண்டன. சொல் மாறவில்லை, பொருள் மாறவில்லை. விண்டோசு 11-இலும் அமைப்புக்குள் சென்று பொத்தானை மீண்டும் இடப்பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆகவே முகம் அழகென்று மாறுவதும் பிழை. முகம் பிடிக்கவில்லையென்று மறுப்பதும் பிழை.

அடுத்துப் பூட்டு. வழக்கின் உயிர்நிலை இதுவே. 2025 அக்தோபர் 14-ஆம் நாளோடு விண்டோசு 10-க்குரிய பொதுவான காப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்டு நிறுவனம் நிறுத்திவிட்டது. அன்று எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை; இனியும் தானே நின்றுவிடப் போவதில்லை. அதனாலேயே “நன்றாகத்தானே ஓடுகின்றது” என்கிறோம். பூட்டுப் பழுதான வீடும் பார்வைக்கு நன்றாகத்தான் நிற்கும்.

இங்கு ஒரு நுட்பத்தை உணர வேண்டும். பதினொன்றாம் பதிப்பு பத்தாம் பதிப்பின்மேல் எழுந்தது. இரண்டிற்கும் பொதுவான பகுதிகள் மிகுதி. பதினொன்றில் ஓர் ஓட்டை கண்டு அடைக்கும்போது, அத் திருத்தத்தைக் கள்வரும் பிரித்துப் படிக்கின்றனர். ஓட்டை எங்கே இருந்தது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கின்றது. அதே ஓட்டை அடைக்கப்படாத பழைய தளத்தில் இருக்குமாயின், அவர்கட்கு வழி திறந்தே கிடக்கின்றது. ஆகவே, காப்பு நின்ற தளம் நாள்தோறும் வலுவிழந்துகொண்டே போகும்.

இது வெற்றச்சம் அன்று. 2017 மே 12-இல் ‘வான்னாக்கிரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குக் காசு கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டிலக்கத்திற்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. பிரித்தானிய அரசின் மருத்துவமனைகளில் நோயாளர்களைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அந்த ஓட்டைக்குரிய திருத்தத்தை இரு திங்களுக்கு முன்பே, மார்ச்சு 14-இல், நிறுவனம் வெளியிட்டிருந்தது. இட்டுக்கொள்ளாதவரே பெரிதும் அடிபட்டனர். 2014 ஏப்பிரல் 8-இலேயே காப்பு நின்றுபோன ‘எக்சுபி’ தளத்திற்கோ பொதுமக்கள் பெறத்தக்க திருத்தமே அன்று இல்லை. தாக்குதலுக்குப் பின்னரே விதிவிலக்காக ஒன்று தந்தனர். அடுத்த முறையும் அவ்வாறு தருவர் என்று நம்பிக் கதவைத் திறந்து வைத்தல் அறிவுடைமை ஆகாது.

எனவே இணையத்தோடு இணைந்த கணினியைக் காப்பில்லாத தளத்தில் வைத்திருக்கலாகாது. “மாற வேண்டா” என்போர் இவ் வொன்றை ஏற்றே ஆகவேண்டும்.

மூன்றாவது பிணைப்பு. “உடனே மாறுவோம்” என்போர் எண்ணிப் பார்க்க வேண்டியது இது. 2015-இல் அந் நிறுவனத்து அலுவலர் ஒருவர், விண்டோசு 10-தான் இறுதிப் பதிப்பு என்று மேடையில் பேசினார். ஆறாண்டில் பதினொன்று வந்தது. வந்ததோடு நில்லாமல், நான்கு கிகாபைட்டு நினைவகமும், மறைவுத் திறவுகளைக் காக்கும் டி.பி.எம். 2.0 என்னும் சில்லும், அண்மைக் கால நுண்செயலியும் இருந்தாலன்றி ஏற்க மாட்டேன் என்றது. ஏறத்தாழ 2018-க்கு முற்பட்ட கணினிகளுட் பெரும்பாலானவை இவ்வாறு தள்ளப்பட்டன. எழுதவும் அச்சிடவும் மடல் விடுக்கவும் போதிய வலுவுள்ள பொறிகள் அவை. ஒரு நிறுவனத்தின் ஆணையால் அவை குப்பையாக வேண்டுமா? மேலும், வீட்டுப் பதிப்பை நிறுவுங்கால் இணையமும் அந் நிறுவனத்துக் கணக்கும் வேண்டும் என்கின்றது. நம் வீட்டுக்குள் நுழைய நாமே பிறர் ஏட்டில் பெயர் பதிய வேண்டிய நிலை!

இதற்குச் சினங்கொள்ளுதல் முறையே. ஆனால் சினம் ஓட்டையை அடைக்காது. செய்யத்தக்கது என்ன என்று காண்போம்.

புதிய தளத்தை ஏற்கும் கணினியாயின், மாறலாம். மாறிய பின் ஒவ்வாவிடில், பத்து நாளுக்குள் பழைய தளத்திற்குத் திரும்பும் வழியும் உண்டு. ஒன்றில் மட்டும் விழிப்பாக இருங்கள். அண்மைப் பதிப்புகளைப் புதிதாக நிறுவும்போது வன்தட்டு தானே மறையீடு செய்யப்பட்டுப் பூட்டப்படலாம். அதன் மீட்புத் திறவெண்ணைத் தாளில் எழுதிப் பேழையில் வையுங்கள். எண் தொலைந்தால் உங்கள் எழுத்தும் உங்களுக்கே தொலைந்ததாகும்.

ஏற்காத கணினியாயின், அதனைத் தூக்கி எறியற்க. குறுக்குவழியில் பதினொன்றைத் திணிப்பாரும் உளர். அத்தகைய கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்று நிறுவனம் உறுதி தரவில்லை. தனியாள் கணினிகள் பதிந்துகொண்டால் 2026 அக்தோபர் 13 வரை திருத்தம் தருவதாக அந் நிறுவனம் அறிவித்தது. அது வழிதேட வாங்கிய தவணையேயன்றி வழியன்று. நிலையான வழி இலினக்சு. 1991-இல் பின்லாந்து மாணவர் இலினசு டோர்வால்டிசு தொடங்கிய அதன் கருவைச் சூழ உலகெங்கும் பலர் கூடி வளர்த்த தளங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. பழைய பொறிகளிலும் அவை ஓடும், திருத்தங்களும் வரும். தமிழ் 99 விசைப்பலகை உண்டு. தமிழ்த் தொண்டர்கள் கூலி கருதாது பெயர்த்த தமிழ் இடைமுகமும் உண்டு. அண்டையிலுள்ள கேரளத்தில் அரசுப் பள்ளிகள் இத்தகைய கட்டற்ற தளத்திலேயே கணினி பயிற்றுகின்றன. பள்ளிப் பிள்ளைகளால் இயல்வது நமக்கு இயலாதா? ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன்: பேசுமேக்கரில் பக்கம் அமைப்போர்க்கு இலினக்சு நேரடியாக உதவாது. அவர்கட்கு வேறு மென்பொருள் பழக நாள் வேண்டும்.

மிகப் பழைய தமிழ் மென்பொருளை நம்பியிருப்போர்க்கு ஒரு செய்தி. 16 பிட்டு மென்பொருள்கள் பத்தாம் பதிப்பின் 32 பிட்டு வகையில் ஓடின. பதினொன்றில் 32 பிட்டு வகையே இல்லை. ஆகவே அவை ஓடா. அத்தகைய கணினியின் இணையத்தை அறுத்துவிட்டு, பழைய கோப்பு படிக்க மட்டும் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

தோழர்களே! இவ்வளவும் சொன்ன பின், இவையனைத்திற்கும் முன்னர்ச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இதற்காகவே இன்று பேச ஒப்பினேன்.

மறைந்த நம் மூத்த புலவர் தொகுத்த வட்டாரச் சொற்றொகுப்பு நம் மன்றக் கணினியில் இருக்கின்றது. உழவர், குயவர், மீனவர் வாயிலிருந்து அவர் தேடிச் சேர்த்த சொற்கள் அவை, அச்சேறவில்லை. அவை எந்த எழுத்துருவில் உள்ளன? பெயரே மறந்துபோன ஒரு பழைய எழுத்துருவில். நம் இதழின் பழைய தொகுதிகளும் அவ்வாறே.

பழைய எழுத்துரு என்றால் என்ன பொருள்? கணினிக்குள் இருப்பது ‘அ’ அன்று. ஓர் ஆங்கில எழுத்திற்குரிய எண். எழுத்துரு அதன்மேல் ‘அ’ என்னும் உருவைப் போர்த்துகின்றது. போர்வை நீங்கின் உள்ளே தமிழ் இல்லை! தளம் மாற்றுங்கால் அவ் வெழுத்துருக் கோப்பு விடுபட்டால், புலவரின் தொகுப்பு முழுதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய்க் கிடக்கும். திருடன் வந்து கொண்டுசெல்ல வேண்டா. நம் கையாலேயே இழப்போம்.

மாற்று ஒருங்குறி. அதில் ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனியெண் உண்டு. உயிர்மெய்யை ஈரெண்ணாகப் பிரித்து வைத்த குறை அதில் உண்டென்பதை நாம் அறிவோம். 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியோடு, எழுத்துக்கோர் இருக்கை தரும் தாசு 16 குறியீட்டையும் ஏற்றதற்கு அக்குறையே கரணியம். ஆயினும் விண்டோசும் இலினக்சும் கைப்பேசியும் ஒருங்கே அறிந்தது ஒருங்குறியே. அதில் எழுத்தை வைத்தவனை எந்த நிறுவனமும் கட்டிப்போட இயலாது. இன்று ஒரு தளம், நாளை மற்றொரு தளம் என அவன் விரும்பியவாறு பெயரலாம்.

மாற்றித்தரும் மென்பொருள்கள் உள்ளன. ஆனால் அவை இலக்கணம் அறியா. ஔகாரக் குறியும் ளகரமும் உருவில் ஒன்றாயிருத்தலால், ‘வௌவால்’ என்பது ‘வெளவால்’ என்றாகிவிடும். ஔவையார் ‘ஒளவையார்’ ஆகிவிடுவார்; கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடினால் கிடைக்க மாட்டார். ஆகவே எழுத்தெண்ணிப் படித்தோர் கண் வேண்டும். அந்தக் கண் இவ்வவையில் இருப்பது போல் வேறெங்கு இருக்கும்?

ஓலைச்சுவடிகளுக்கு வாழ்நாள் உண்டு. செல்லரிக்கு முன் புதிய ஓலையில் படியெடுத்தவர் இருந்ததால் சங்க நூல்கள் நம் கைக்கு வந்தன. படியெடுக்க ஆளில்லாதவை பெயரளவில் நின்றன. புள்ளியிடா ஓலையில் மெய்யா உயிர்மெய்யா என்று தெளிந்து படியெடுத்த அந்த உழைப்பே இன்று நம்முன் வேறு வடிவில் நிற்கின்றது.

ஆதலின் இவ்வவையின்முன் மூன்று வைக்கின்றேன். முதலாவது, எந்தக் கணினியையும் தொடுமுன், எல்லாக் கோப்புகளையும் அவற்றின் எழுத்துருக்களோடு இரு படிகள் எடுத்து இரு வேறு வீடுகளில் வைத்தல். இரண்டாவது, சொற்றொகுப்பைப் பக்கங்களாகப் பங்கிட்டு ஒருங்குறிக்கு மாற்றுதல். இளையோர் மாற்றித் தருக, மூத்தோர் மெய்ப்புப் பார்த்துத் தருக. மூன்றாவது, அதன் பின்னரே தளம் மாற்றுதல்; ஏற்கும் பொறிக்குப் பதினொன்று, ஏற்காத பொறிக்கு இலினக்சு.

மாறலாமா என்று கேட்டீர்கள். மாறலாம், மாறவும் வேண்டும். ஆனால் வீடு மாறுவோன் முதலில் எடுத்துவைப்பது பாய் தலையணையை அன்று. மூதாதையர் விட்டுச்சென்ற செல்வத்தை. முதற் பத்துப் பக்கங்களை நான் ஏற்கிறேன். அடுத்த பத்துக்கு யார் என்று அவைத்தலைவர் கேட்பாராக.