பாங்கியின் நாடி

(கடலூர் முதுநகரில் மருத்துவர்கள் கூடிய மன்றத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மருத்துவர் மன்றத்திலே பேச ஒரு நாடகக்காரனை அழைத்திருக்கிறீர்கள். அதிலும், கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டுவிட்டு மேடையேறியவனை! தந்திருக்கும் தலைப்போ பாங்கி. நோய் வந்தால் நான் உங்களிடம் வருவேன். பணமோ, என்னிடம் வருவதே இல்லை. பாங்கியோடு பற்றும் இல்லை, வரவும் இல்லை என்பதால், தயக்கமின்றிப் பேசலாம் என்று துணிந்து வந்தேன்.

"டாக்டரே போட்டிருக்கிறார்!"

இரண்டே சொற்கள். கடைத்தெருவிலே இந்த இரண்டு சொற்களுக்குள்ள மதிப்பு, கண்ணாடிக் கதவும் குளிர்ந்த காற்றும் கொண்ட கட்டடத்துக்கு இல்லை. மருந்து எடுத்துத் தரும் தம்பி, ஊசி போடும் செவிலி, இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள மாதந்தோறும் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர், இவர்கள் பாங்கியின் ஆண்டறிக்கையைப் படிப்பதில்லை. உங்கள் முகத்தைப் படிக்கிறார்கள். நாடி பிடிக்கும் கை நாணயமான கை, அந்தக் கை பணத்தைக் கொடுத்து வைத்த இடத்திலும் நாணயம் இருக்கும் என்று நம்புகிறார்கள். ஆகவே, மருத்துவர் ஒரு பாங்கியை நம்புவது அவருடைய சொந்தக் காரியம் மட்டுமல்ல.

"வட்டி எவ்வளவு, வாசல் எவ்வளவு தூரம், இவ்விரண்டையும் பார்த்தால் போதாதா?" என்பீர்கள். ஆஸ்திரேலியாவிலே பிரான்வின் கிங் என்றொரு அம்மையார். மெல்போர்ன் நகரப் புற்றுநோய் மருத்துவமனையிலே கதிர்வீச்சுச் சிகிச்சை அளித்தவர். புகைத்துப் புகைத்து நுரையீரல் கருகி வந்தோரைப் படுக்கைக்குப் படுக்கை பார்த்தவர். 2010-ஆம் ஆண்டு, தம் ஓய்வூதியச் சேமிப்பை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று விசாரித்தார். புகையிலைக் கம்பெனிகளிலே! எந்த நோயோடு மல்லுக்கு நின்றாரோ, அந்த நோயின் வியாபாரிக்கு அவர் சம்பளமே முதலாகப் போயிருந்தது! நாடகத்திலே இப்படி ஒரு காட்சி எழுதினால், 'மிகை' என்று என்னை விமர்சகர்கள் அடித்துப் போடுவார்கள். அம்மையார் அழுதுகொண்டு உட்காரவில்லை. நிதியத்தாரைச் சந்தித்தார், கேட்டார், மீண்டும் கேட்டார். 2012-இல் அந்த நிதியம் புகையிலையைக் கைவிட்டது. 2014-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தார், நிலக்கரி, எண்ணெய்க் கம்பெனிகளிலே எங்கள் பணம் வேண்டாம் என்று தீர்மானம் நிறைவேற்றினர்.

இந்நாட்டில்? ஆயுள் இன்சூரன்ஸ் கழகம் சிகரெட் செய்யும் ஐ.டி.சி.யின் பங்குகளை வைத்திருக்கலாமா என்று 2017-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்திலே பொதுநல வழக்கு வந்தது. ஆயுளுக்கு உறுதி கூறும் கழகத்துக்கு, ஆயுளைக் குறைக்கும் பண்டத்திலே பங்கு!

மெல்போர்ன் தூரம், பம்பாயும் தூரம். நம் ஊருக்கு வருவோம். 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினான் வெள்ளைக்காரன். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்ற கேள்வி எழுந்தது. பீரங்கியை வெடித்தான், குண்டு போய் விழுந்த தூரம் வரை தனது என்றான். குண்டு கிராமங்கள் என்ற பெயரே அதனால் வந்தது. இன்று பீரங்கி இல்லை, கடன் இருக்கிறது. பாங்கியின் கடன் எங்கே போய் விழுகிறதோ, அந்த மண்ணும் அந்தக் காற்றும் அதன் ஆளுகைக்கு உட்பட்டவை.

முதுநகருக்குத் தெற்கே சிப்காட். குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் இருப்போருக்கு நாற்றமே நாட்காட்டி! 2004-இல், அந்த ஊர் மக்களே காற்றைப் பையிலே பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். நச்சு வேதிப்பொருள்கள் இருப்பதாக விடை வந்தது. நீரி நிறுவனத்தின் 2007-ஆம் ஆண்டு ஆய்வோ, அங்கே வாழ்வோருக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, இயல்பைவிட 2,000 மடங்கேனும் மிகுதி என்றது. 2021 மே 13 அன்று ஆலை ஒன்று வெடித்து நான்கு உயிர்கள் போயின. வந்த இருமலையும் தீக்காயத்தையும் பார்த்தவர்கள் நீங்கள். சான்றிதழிலே கையெழுத்திட்டவர்களும் நீங்கள். தறி வாங்கக் கடன் கேட்கும் நெசவாளியிடம் பிணை எங்கே, பத்திரம் எங்கே என்று ஆயிரம் கேட்கும் பாங்கி, கோடிகள் கேட்டு வரும் ஆலையிடம், "ஐயா, உமது கழிவு எங்கே போகும்?" என்று ஒரு கேள்வி கேட்டதா? கேட்டதா என்பதை நீங்களாவது கேட்டீர்களா?

இன்னும் சற்றுத் தெற்கே போங்கள். சிதம்பரத்துக்கு முன்னே, பரங்கிப்பேட்டைப் பக்கம், ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். குழுமத்தின் அனல் மின் நிலையம், 1,200 மெகாவாட், வெளிநாட்டு நிலக்கரி. சுற்றுப்புறத்துக்கு என்ன நேரும், ஏற்கெனவே உள்ள ஆலைகளோடு இதுவும் சேர்ந்தால் என்னாகும் என்று கேட்டு, பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள் வட்டாரத்து மக்கள். பாங்கிகளோ கடன் தந்தன. 2018-இல் என்ன ஆயிற்று? அந்தக் குழுமமே தவணை கட்ட முடியாமல் தள்ளாடி விழுந்தது. 90,000 கோடி ரூபாய்க்கு மேல் கடன்! விழுவதற்குச் சில வாரங்களுக்கு முன்புவரை, தரம் பார்ப்போர் அதற்குத் தந்திருந்த சான்று உச்சத் தரம். நாடித்துடிப்பு நின்றுகொண்டிருக்கையில், "பூரண ஆரோக்கியம்" என்று எழுதித் தந்த வைத்தியர்கள்!

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஊராரின் மூச்சைக் கணக்கில் எடுக்காத பழக்கமும், ஊராரின் பணத்தைக் கணக்கில் எடுக்காத பழக்கமும் ஒரே வீட்டிலே வளருகின்றன. பம்பாயிலே பி.எம்.சி. கூட்டுறவு பாங்கி. தந்த கடனிலே நூற்றுக்கு எழுபதுக்கு மேல் ஒரே கட்டடக் கம்பெனிக் குழுமத்துக்கு. அதை மறைக்க இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட பொய்க் கணக்குகள். 2019 செப்டம்பரிலே கதவு அடைந்தபோது, பணம் போட்டவருக்கு முதலிலே கிடைத்த அனுமதி, 1,000 ரூபாய்! நம் கரூரிலே 1926-இல் பிறந்த லட்சுமி விலாஸ் பாங்கி 2020 நவம்பரிலே சிங்கப்பூர்க்காரர் பாங்கியோடு இணைக்கப்பட்டது. வைப்புப் பணம் தப்பியது, பங்கு வாங்கியவர் கையிலே பூஜ்யம். இன்று வைப்புக்குக் காப்பீடு 5 இலட்சம் வரை. உங்களுக்கு அது சில்லறையாகத் தோன்றலாம். "டாக்டரே போட்டிருக்கிறார்" என்று வந்த ஆசிரியர், வாழ்நாள் முழுதும் சேர்த்தது அதற்கு மேலும் இருக்கக்கூடுமே!

"எல்லாப் பாங்கியும் ஒன்றுதானே, தம்பி?" என்று முன்வரிசையிலே ஒரு பெரியவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. ஐயா, எல்லாக் கிணறும் தண்ணீர்தான் தருகிறது. 1854-இல் இலண்டன் மாநகரிலே காலரா கொன்று குவித்தபோது, ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், "எந்தக் குழாய்?" என்று கேட்டார், வீடு வீடாய்க் கணக்கெடுத்தார், ஒரு தெருவின் குழாய்க் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். அவருடைய தொழிலிலே வந்தவர்கள்தாமே நீங்கள்?

ஆலை வேண்டாம், மின்சாரம் வேண்டாம் என்று நான் பேசவில்லை. அங்கே வேலை பார்ப்பவனும் என் தம்பிதான். முதலிலே நச்சை உறிஞ்சுகிறவனும் அவன்தான். கடன் தருகிறவன், வடிகட்டி போடு, கழிவைச் சுத்தம் செய், பிறகு பணம் வாங்கு என்றால், ஆலை கேட்கும். வைப்பு வைப்பவன் சொன்னால் பாங்கி கேட்கும்.

உங்கள் சங்கத்துக்குக் கட்டட நிதி இருக்கிறது. அது எங்கேயோ ஒரு பாங்கியிலே தூங்குகிறது. தூங்குவதாக நீங்கள் நினைக்கிறீர்கள்; அது இரவும் பகலும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்த வைப்பைப் புதுப்பிக்கும் முன்னே மேலாளருக்கு ஒரு கடிதம் போடுங்கள். நிலக்கரிக்கும் புகையிலைக்கும் எவ்வளவு கடன்? கழிவுக் குற்றத்துக்கு அபராதம் கட்டிய ஆலைக்கு மறுபடி கடன் தந்ததுண்டா? இயக்குநர்களுக்கு வேண்டியவர்கள் வாங்கியது எவ்வளவு? விடை வந்தால், இதே மன்றத்திலே உரக்கப் படியுங்கள். விடை வராவிட்டால், வரவில்லை என்பதையும் படியுங்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். மேலாளருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்றால் சொல்லி அனுப்புங்கள், படித்துக் காட்ட நான் வருகிறேன்.