ஊசி ஒன்று, பெப்டைடு இரண்டு

தசைநாண் கிழிந்துபோன விளையாட்டு வீரர்கள் சிலர், வெளிநாடுகளில், இரண்டு பெப்டைடுகளைச் சேர்த்து ஊசி போட்டுக்கொள்கிறார்கள். குப்பியில் ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று அச்சடித்திருக்கும். அதை யார் படிக்கிறார்கள்!

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம். 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலினும் இந்த இனம்தான். ஊசியில் சேரும் முதல் பெப்டைடு பிபிசி-157. இதில் 15 அமினோ அமிலங்கள். குரோஷியாவின் ஸாக்ரெப் நகரில் பிரெட்ராக் சிகிரிச் குழுவினர் 1990களிலிருந்து இதை ஆராய்கிறார்கள். அடிபட்ட இடத்தில் புது ரத்தக் குழாய்கள் முளைக்க இது உதவுவதாக எலிகளில் பார்த்திருக்கிறார்கள். இரண்டாவது டிபி-500. தைமோசின் பீட்டா-4 என்ற பெப்டைடின் ஒரு துண்டு என்று சொல்லி விற்கிறார்கள். அந்த மூலப் பெப்டைடு, செல்கள் காயத்தை நோக்கி நகர்ந்து வரத் துணைசெய்கிறது.

ஒன்று ரத்தத்துக்கு வழிவிடும், மற்றது செல்களைக் கூட்டிவரும்; சேர்த்தால் இரட்டைப் பலன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சோதித்துப் பார்ப்பது எப்படி?

எலிகளின் குதிகால் நாணை அறுத்து, அவற்றை நாலு கூட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒன்றுக்கு வெறும் உப்புநீர், அடுத்த இரண்டுக்கும் ஆளுக்கொரு பெப்டைடு, நாலாவதற்கு இரண்டும். உப்புநீர்க் கூட்டத்தை வீண் என்று விட்டுவிடக் கூடாது. எலியின் நாண் மருந்தே இல்லாமலும் சில வாரங்களில் கூடிவிடும். தனித்தனி பெப்டைடு பெற்ற கூட்டங்களையும் விட்டால், குணமானது கூட்டு மருந்தாலா, அதில் ஒன்றால் மட்டுமா என்று சொல்ல வழியில்லை. இன்னொன்று: எலிக்கு நேற்று கத்தியால் வெட்டிய சுத்தமான காயம், நாற்பது வயதுக்காரருக்கோ பல வருஷமாகத் தேய்ந்து நைந்த நாண்.

இந்தக் கூட்டு ஊசிக்கு மனிதர்களிடம் அப்படி முறையாக நடந்த பெரிய சோதனை கிடையாது. டிபி-500 ஏற்கெனவே விளையாட்டு உலகில் தடைசெய்யப்பட்டது; உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022இல் பிபிசி-157-ஐயும் தடைப் பட்டியலில் சேர்த்தது. புது ரத்தக் குழாய் என்பது கட்டிகளுக்கும் வேண்டிய தீனி என்ற கவலை வேறு இருக்கிறது.

நீரிழிவுக் கால் புண்ணுக்கான பெக்காப்ளெர்மின் களிம்பைப் பாருங்கள். அதிலுள்ள வளர்ச்சிக் காரணி ஒன்றே ஒன்று. நோயாளிகளிடம் சோதித்த பிறகுதான் 1997இல் அமெரிக்கா அனுமதித்தது. அப்படி வந்த மருந்தின் மீதே, 2008இல், புற்றுநோய் குறித்த எச்சரிக்கையை அச்சிடச் சொன்னார்கள்.