தோப்பு நம்முடையது, முடிவு யாருடையது?

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



போன மாசம் உங்க கடன் விண்ணப்பங்களைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். ‘தொழில்’ என்ற இடத்தில் பல பேர் ‘கூலி வேலை’ன்னு எழுதியிருக்கீங்க. ஆனா உங்கள்ல நிறைய பேர் வீட்டுக்கு அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ தோப்பு இருக்கு. காடு என்றால் அரசாங்கத்துக்குச் சொந்தமானதுன்னு மட்டும் நினைக்கிறோம். நம்ம பண்ருட்டிப் பக்கம் சவுக்கும் முந்திரியும் பலாவும் வளர்க்கிற ஒவ்வொரு குடும்பமும் ஒரு சின்னக் காட்டுக்குச் சொந்தக்காரங்கதான்.

அந்தக் காட்டை வச்சுக்கிற விதம் வீட்டுக்கு வீடு மாறுது. நான் பார்த்த மூணு வீட்டைச் சொல்றேன். பேர் வேண்டாம்.

முதல் வீட்டில் சவுக்கு. மீட்டருக்கு ஒரு கன்று, ஏக்கருக்குச் சுமார் 4000 கன்று. மூணு, நாலு வருஷத்தில் வெட்டி, கம்புக்கோ காகித ஆலைக்கோ கொடுத்துடுவாங்க. வீட்டுக்காரர் வெளியூரில் வேலை, தோப்பைப் பார்க்க ஆள் இல்லை. அவங்களுக்கு அதுதான் தோது. ஆனா வெட்டுற வரைக்கும் அந்த நிலத்தில் ஒரு ரூபாய் வரவு கிடையாது.

இரண்டாவது வீட்டில் முந்திரி. ஒட்டுக்கன்று வச்சு மூணாம் வருஷத்தில் இருந்து காய்ப்பு. கோடைக்குக் கோடை கையில் காசு. அதே சமயம் கவாத்து பண்ணணும், பூக்கிற நேரத்தில் தேயிலைக் கொசு வராமப் பார்க்கணும். வேலை ஜாஸ்தி.

மூணாவது வீட்டில் ஒரு வயசான அம்மா. பலா, முந்திரி, வேலி ஓரம் பனை, நாலு தேக்கு எல்லாம் கலந்து வச்சிருக்காங்க. “ஒண்ணு போனா ஒண்ணு கை கொடுக்கும் கண்ணு” என்பாங்க. பெரிய தொகையா ஒரே தடவை வராது. ஆனா எதாவது ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கும்.

இதில் எது சரி? 2011 டிசம்பர் 30, தானே புயல் அடிச்ச நாளை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ஞ்சது. சவுக்கு ஒடிஞ்சது. சவுக்குக்காரங்க மறுபடி நட்டு நாலு வருஷத்தில் எழுந்தாங்க. வயசான பலாவை இழந்தவங்களுக்கு அது ஒரு தலைமுறை நஷ்டம். அந்த அம்மா வீட்டிலும் பலா விழுந்தது, பனை மட்டும் நின்னுச்சு. ஆக, ஒவ்வொரு வழிக்கும் ஒரு லாபம், ஒரு ஆபத்து இருக்கு. நம்ம வீட்டு ஆள்பலம், தண்ணி, செலவு பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கணும்.

ஆனா எந்த மரம் வச்சாலும் ஒரு தவறு பொதுவா நடக்குது. நம்ம உறுப்பினர் ஒருத்தர் வீட்டில் ரெண்டு வயசு சவுக்கை ஆஸ்பத்திரிச் செலவுக்காக வித்துட்டாங்க. வியாபாரி வந்து கண்ணால பார்த்தே மொத்தமா ஒரு விலை பேசினார். வீட்டுக்காரர் சரின்னுட்டார். ரெண்டு வருஷம் தண்ணி ஊத்தினது அந்த அக்கா. அவங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. கம்பு பருத்து எடை கூடுறதே அதுக்கு அப்புறம்தான். குழுவில் அவசரக் கடன் எடுத்திருந்தா மரம் நின்னிருக்கும். அந்த வாரம் நானும் அந்த ஊரில் கூட்டம் போட்டேன். சேமிப்பு, வருகை எல்லாம் கேட்டேன், தோப்பைப் பத்திக் கேக்கலை. அது என் குறை. அதனாலதான் இன்னிக்கு இதைப் பேசுறேன்.

மரத்தை எப்ப வெட்டணும்னு மரத்தோட வயசு சொல்லணும், நம்ம கஷ்டம் சொல்லக் கூடாது. அதுக்கு நாலு காரியம் செய்யுங்க.

ஒண்ணு, என்ன மரம், எத்தனை, எப்ப நட்டதுன்னு ஒரு நோட்டில் எழுதி வையுங்க.

ரெண்டு, ஒரே வியாபாரியோட பேசி முடிக்காதீங்க. ரெண்டு மூணு பேர்கிட்ட விலை கேளுங்க. எடைக்கு வித்தா எடைச் சீட்டைக் கையில் வாங்குங்க.

மூணு, கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, அடங்கலில் உங்க தோப்பு சரியா பதிவாகி இருக்கான்னு கேளுங்க. புயல் நிவாரணம்னு வரும்போது அந்தப் பதிவு உதவும். தேக்கு வெட்டுறதுக்கு முன்னாடி வனத்துறையில் விசாரியுங்க. சந்தன மரம் நம்ம பட்டா நிலத்தில் நின்னாலும் வனத்துறை அனுமதி இல்லாம தொடக்கூடாது.

நாலு, விக்கிற பேச்சு வந்தா நீங்களும் பக்கத்தில் உட்காருங்க. பட்டா அவர் பேரில் இருக்கலாம், உழைப்பு உங்களோடது. கணக்கு நோட்டு உங்க கையில் இருந்தா, வீட்டில் உங்க பேச்சு எடுபடும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருத்தரும் அந்தத் தோப்புக் கணக்கோட வாங்க. தொழில் என்ற இடத்தில் என்ன எழுதலாம்னு அப்ப சேர்ந்து பேசுவோம்.