'சொல்லாதே' என்னும் சொல்



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் பெரியவர்கள் பேசத் தயங்கும் பொருள். குழந்தைகளுக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமையைத் தடுப்பது எங்ஙனம், அதற்கு ஆளான பிள்ளைக்குத் துணை நிற்பது எங்ஙனம் என்பதே அது. நாம் தயங்கித் தயங்கி மௌனம் காப்பதுதான் இக்கொடுமைக்கு நிழலாக அமைகிறது.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூருக்கு அருகே ஒரு தனியார் பள்ளியில், தேசிய மாணவர் படையின் பெயரால் ஒரு முகாம் நடைபெற்றது. மாணவியர் இரவிலும் பள்ளியிலேயே தங்கினர். பயிற்சியாளராக வந்தவர் ஒரு சிறுமிக்குப் பாலியல் கொடுமை இழைத்ததாக வழக்குப் பதிவாயிற்று. அம்முகாமுக்கும் தனக்கும் தொடர்பில்லை என்று மாணவர் படை அறிவித்தது. செய்தி அறிந்தும் மறைத்ததாகப் பள்ளியைச் சேர்ந்தவர்களும் கைதாயினர்.

சீருடையும் பதவியும் ஒருவருடைய நல்லொழுக்கத்துக்குச் சான்றாகா. பிள்ளைகளிடையே ஒருவரை அனுமதிக்குமுன் அவர் யார், அவரை அனுப்பியவர் யார் என்று விசாரிப்பது பள்ளியின் கடமை. தடுப்பு வேலை அங்கேதான் தொடங்குகிறது.

தீங்கு செய்பவர் எப்பொழுதும் அயலார் என்று எண்ணுவதும் தவறு. 2007இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகள் கலந்துகொண்டனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறினர். ஆண் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். தொல்லை தந்தவர்களில் பலர் குழந்தை அறிந்தவர்கள், நம்பியவர்கள். அத்தகையவர் கையாளும் ஆயுதம், 'யாரிடமும் சொல்லாதே' என்னும் சொல். பிள்ளை துணிந்து வந்து சொல்லும்பொழுது, குடும்ப மானத்தையோ பள்ளியின் பெயரையோ எண்ணி நாமும் அதே சொல்லைச் சொன்னால், யார் பக்கம் நிற்கிறோம் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

2012ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம் இதை நன்கு உணர்ந்திருக்கிறது. 18 வயது நிரம்பாத ஆண், பெண் இருபாலரையும் அது காக்கிறது. குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரையிலும், நிறுவனத் தலைவராயின் ஓராண்டு வரையிலும் சிறைத்தண்டனை உண்டு. ஆனால், சொல்லாமல் இருந்ததற்காகக் குழந்தையை அது தண்டிப்பதில்லை. பிள்ளையின் வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவலர் வாக்குமூலம் பெறவேண்டும். இயன்றவரை அவர் பெண் அதிகாரியாக இருத்தல் வேண்டும். விசாரணையின்பொழுது குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளையின் கண்ணில் படலாகாது. பிள்ளையின் பெயரோ படமோ வெளிவரலாகாது. வழக்கு முடியும்வரை உடனிருக்க ஒரு துணையாளரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம்.

நம் ஓசூர் எல்லைப்புற ஊர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியபின் பல மாநிலத்தவர் இங்கே குடியேறினர். தாய் தந்தை இருவரும் ஷிப்டு வேலைக்குச் சென்றால், பிள்ளை அண்டை வீட்டார் பொறுப்பில் இருக்க நேர்கிறது. தமிழ் அறியாத பிள்ளை யாரிடம் முறையிடும்? மொழிபெயர்ப்பாளரை அமர்த்தித் தரவேண்டும் என்று அச்சட்டமே கூறுகிறது. குற்றம் அத்திப்பள்ளியில் நடந்தது, ஆகவே கர்நாடகத்துக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பவும் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம்.

உங்கள் தோழனோ தோழியோ இத்தகைய துன்பத்தை உங்களிடம் கூறினால், குறுக்கிடாமல் கேளுங்கள். 'நீ ஏன் அங்கே போனாய்?' என்று வினவாதீர்கள். அவ்வினா பழியைப் பிள்ளையின் தலைமேல் ஏற்றுகிறது. 'நான் நம்புகிறேன், தவறு உன்னுடையதன்று' என்று சொல்லுங்கள். பிறகு நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் செவிசாய்க்காவிடில் மற்றொருவரை நாடுங்கள். 1098 என்னும் எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். பள்ளி மாணவர்களுக்கு 14417 என்னும் எண்ணும் உண்டு. வகுப்பில் அதை வம்பாக்கிப் பரப்பாதீர்கள்.

துன்புற்ற பிள்ளை மீண்டும் படிக்கவும், விளையாடவும், சிரிக்கவும் முடியும். அதற்கு முதல் மருந்து, தன் சொல்லைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்னும் உறுதி. அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.