பழைய வேட்டைத் துப்பாக்கியைப் புதுக்குதலும் மாற்றுதலும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் தமிழாசிரியன் ஒருவன் துப்பாக்கியைப் பற்றிப் பேச முன்வந்தது உங்களிற் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். உற்று நோக்கின் வியப்புக்கு இடமில்லை. முன்னோர் செய்த பொருளொன்று சிதைந்த நிலையில் நம் கைக்கு வருமாயின், அதனை இருந்தவாறே காப்பதா, நம் வசதிக்கேற்ப மாற்றுவதா என்னும் வினா எழுகின்றது. இவ்வினா ஏட்டுச்சுவடிக்கும் உண்டு; சிற்பத்துக்கும் உண்டு; ஐரோப்பியரும் அமெரிக்கரும் போற்றிவரும் பழைய வேட்டைத் துப்பாக்கிக்கும் உண்டு. ஏட்டிற் பிழை செய்தால் பொருள் கெடும். துப்பாக்கியிற் பிழை செய்தால் கண் போகும், சிலபோது உயிரும் போகும். ஆதலின் இவ்வினாவை ஆராய்தற்குத் துப்பாக்கி மிக நல்லதோர் எடுத்துக்காட்டு எனக் கொண்டேன்.

முதலில் அதன் அமைப்பைச் சிறிது காண்போம். யான் கூறவந்தது ‘போல்ட்’ ரைபிள் என்பது. குழலின் உட்புறத்தே திருகாணியின் புரிபோலச் சுற்றிச் செல்லும் வரிகள் வெட்டப்பட்டிருப்பதால், குண்டு சுழன்றுகொண்டே சென்று குறி தவறாது தைக்கும். போல்ட் என்பது நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை ஒத்தது. பிடியை மேலே தூக்கிப் பின்னே இழுத்தால் வெறுந்தோட்டா வெளியே விழும். முன்னே தள்ளிக் கீழே மடக்கினால் புதுத்தோட்டா அறையுட் புகும், தாழும் பூட்டிக்கொள்ளும். தாழின் தலையிலுள்ள முளைகள் எஃகுக்கூட்டின் குழிகளிற் சென்று பொருந்துவதே அப்பூட்டு. வெடிக்கும்போது எழும் பேரழுத்தம் முழுவதையும் தாங்குவன அம்முளைகளே. சுடுவோனுடைய முகத்துக்கும் வெடிமருந்துக்கும் நடுவே நிற்கும் கதவு அதுவே என்பதை மறவாதீர்கள்.

இவ்வமைப்பை நிறைவுறச் செய்தவர் ஜெர்மனியில் நெக்கர் ஆற்றங்கரையிலுள்ள ஓபெர்ண்டார்ப் என்னும் ஊரிற் பிறந்த பால் மௌசர் (1838–1914) என்பவர். 1898-ல் ஜெர்மானியப் படை ஏற்றுக்கொண்ட அவருடைய துப்பாக்கியில் தாழின் தலையில் இரண்டு முளைகளும், அவை முறியினும் காக்கும்பொருட்டுப் பின்னே மூன்றாவது முளையொன்றும் உள்ளன. தோட்டாவின் அடி கிழிந்து தீப்புகை பின்னே பாயுமாயின், அதனைப் பக்கவாட்டில் போக்கத் துளைகளும், முகத்திற் படாது தடுக்க ஒரு விளிம்பும் அமைத்தார். நீண்ட கொக்கி யொன்று தோட்டாவின் விளிம்பைத் தொடக்கத்திலேயே பற்றிக்கொண்டு உள்ளே செலுத்தி, வெடித்தபின் வெளியே இழுக்கும். நூறாண்டுக்கு மேலாகியும் இதனினும் சிறந்த தாழ் உண்டோ என்று வல்லார் வாதிடுகின்றனர்.

நம் இலக்கண நூலார் நூலை முதனூல், வழிநூல் எனப் பகுப்பர். மௌசரின் துப்பாக்கியை முதனூல் எனின், அதன் வழிநூல்கள் பல. இலண்டனிலிருந்த ஜான் ரிக்பி நிறுவனத்தார் மௌசரிடம் தாழும் கூடும் வாங்கி, தாமே குழலும் கட்டையும் பொருத்தி வேட்டைத் துப்பாக்கிகள் செய்தனர். மௌசரின் 7 மில்லிமீட்டர் தோட்டாவையே ஆங்கில அளவில் ‘.275 ரிக்பி’ என வழங்கினர். குமாவுன் மலைநாட்டில் 436 மக்களைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907-ல் ஜிம் கார்பெட் வீழ்த்தியபோது, அவர்க்குப் பரிசாக அளிக்கப்பட்டது அத்தகைய ரிக்பி துப்பாக்கியே. அச்செய்தி பொறித்த வெள்ளித் தகடு அதன் கட்டையிற் பதிக்கப்பட்டுளது.

அமெரிக்க அரசினரும் தம் 1903-ஆம் ஆண்டு ஸ்பிரிங்பீல்டு துப்பாக்கியில் மௌசரின் உரிமைகளைத் தழுவியதற்காக 2,00,000 டாலர் கொடுக்க நேர்ந்தது. அப்படைத் துப்பாக்கியை வேட்டைக்கேற்ப மாற்றியவருள் நியூயார்க்கில் மரவேலை செய்துவந்த சீமோர் கிரிபின் புகழ்பெற்றவர். நல்ல வால்நட் மரத்தில் தோளுக்கும் கன்னத்துக்கும் பொருந்துமாறு கட்டை கடைந்து, 1923-ல் ஜேம்ஸ் ஹோ என்பவருடன் கூடிக் ‘கிரிபின் அண்டு ஹோ’ நிறுவனத்தை ஏற்படுத்தினார். இவர்கள் செய்த மாற்றம் சிதைவு அன்று. முதனூலின் கருத்தை யுணர்ந்து செய்த வழிநூல்.

ஆயின், எல்லா வழிநூலும் சிறப்புடையன அல்ல. இரண்டாம் உலகப் போர் 1945-ல் முடிந்தபின், படைகள் கழித்த துப்பாக்கிகள் அமெரிக்காவில் மிக மலிவாக விற்கப்பட்டன. வாங்கியோர் பலர் வீட்டுக் கொட்டகையிலேயே இரம்பத்தால் குழலைக் குறைத்தனர், கட்டையைச் செதுக்கினர், தொலைநோக்கி பொருத்தக் கூட்டிலே துளையிட்டனர், அதற்கு இடையூறாயிருந்த தாழ்ப்பிடியைக் காய்ச்சி வளைத்தனர், படை முத்திரைகளைச் சாணை பிடித்து அழித்தனர். அன்று அவை எண்ணிறந்தன. அதனால் எவரும் வருந்தவில்லை. இன்றோ மாற்றப்படாத துப்பாக்கியை அருமைப்பொருளாகத் தேடுகின்றனர். மாற்றப்பட்டதன் விலை பெரும்பாலும் அதனிற் குறைந்தே நிற்கின்றது. அறுத்த குழல் வளராது. இட்ட துளை மூடினும் வடு மாறாது. கார்பெட்டின் துப்பாக்கியிலிருந்த வெள்ளித் தகட்டை ஒருவர் ‘பழையதாயிற்று’ என்று பெயர்த்து மெருகிட்டிருப்பாராயின், எஞ்சுவது மற்றுமொரு துப்பாக்கியேயன்றி வேறென்ன?

ஏடு பரிசோதிக்கும் புலவர் செய்வது யாது? செல்லரித்த இடத்தில் தம் கற்பனையைப் புகுத்தாது புள்ளியிட்டு விடுகிறார். ஐயமுள்ள இடத்திற் பாடபேதம் காட்டுகிறார். தாம் திருத்தியதைத் திருத்தம் என்றே தெரிவிக்கிறார். துப்பாக்கியைப் புதுக்குவோர்க்கும் இம்முறையே விதி. மீளப் பழையபடி ஆக்கக்கூடிய மாற்றத்தையே செய்க. கழற்றிய உறுப்பு எதனையும் எறியாது பொதிந்து வைக்க. செய்தது இன்னதெனக் குறித்து வைக்க. வேறு கட்டை வேண்டுமாயின் பழங்கட்டையைப் பத்திரப்படுத்திப் புதியதைப் பொருத்துக. முன்னரே சிதைக்கப்பட்ட துப்பாக்கியே மாற்றம் விரும்புவார்க்கு ஏற்றது. முழுமையானதைத் தொடுதல் வேண்டா.

மரம் நசுங்கிய இடத்தை அராவாது, ஈரத்துணி பரப்பிச் சூடான இஸ்திரிப்பெட்டியால் ஒற்றினால், நீராவி புகுந்து மரநார் எழும்பிப் பெரும்பாலும் சமமாகும். பின்னர் ஆளிவிதை எண்ணெயைச் சிறிது சிறிதாகத் தேய்த்து உலர்த்துவர். இரும்புக்குக் கருநீலம் ஏற்றும் பழைய முறையோ வியப்பானது. மருந்து தடவி எஃகின்மேல் மெல்லிய செந்துரு வருவிப்பர். கொதிநீரில் இட்டதும் அத்துரு கறுப்பாக மாறும். மேலெழுந்த தூளைத் துடைத்து மீண்டும் மீண்டும் அங்ஙனமே செய்வர். முடிவில் உண்டாகும் கரும்படலம், எண்ணெயும் சேருமாயின், மேலும் துருவேறாமற் காக்கும். துருவைக்கொண்டே துருவை விலக்கும் தொழில் இது. பொறுமையில்லார்க்கு வாய்ப்பதன்று.

பழைய தோட்டாக்களின் மூட்டுமருந்தில் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தது. அது வெடித்தபின் குழலில் ஒருவகை உப்பைப் படியவிடும். உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழலை அரிக்கும். எண்ணெய் மட்டும் பூசினால் உப்புக் கரையாது. முதலில் நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, அதன்பின் எண்ணெயிடல் வேண்டும். பழங்குழல்கள் பல உள்ளே அரித்திருத்தற்குக் காரணம் இதுவே.

இனி, உயிர்க்கு இடரான செய்திக்கு வருகிறேன். 1917-ல் ஸ்பிரிங்பீல்டு துப்பாக்கிகள் சில சுடும்போது வெடித்துச் சிதறின. காரணம் ஆராய்ந்தபோது கூட்டின் எஃகு அளவுக்கு மிஞ்சிக் காய்ச்சப்பட்டு நொறுங்குந்தன்மை யடைந்திருந்தது தெரிந்தது. உலைக்களத்தில் முதிர்ந்த தொழிலாளிகள் எஃகின் நிறத்தைக் கண்ணாற் பார்த்தே சூட்டை மதித்தனர். வெப்பமானியை வைத்து நோக்கியபோது, வெயில் எறிக்கும் நாளில் அவர்கள் ‘சரியான சூடு’ என்றது, முகில் மூடிய நாளிற் சொன்னதினும் 300 பாரன்ஹீட் பாகை வரை மிகுந்திருந்தது! வெளியே ஒளி மிகுந்தால் உள்ளே கனல் மங்கித் தோன்றும். அதனால் மேலும் மேலும் காய்ச்சினர். அவர்கள் சோம்பர் அல்லர், கல்லாதவரும் அல்லர், கண் ஏமாற்றிற்று. 1918-ல் முறை மாற்றப்பட்டது. ஸ்பிரிங்பீல்டு தொழிற்சாலையில் 8,00,000-க்கும், ராக் ஐலண்டு தொழிற்சாலையில் 2,85,507-க்கும் உட்பட்ட எண்ணுடையவற்றைச் சுடலாகாது என்று இன்றும் அறிவுறுத்துகின்றனர். இவ்வரலாற்றை ஜூலியன் ஹாட்சர் என்னும் படைத்தலைவர் 1947-ல் வெளியிட்ட தம் நூலில் விரித்துரைத்துள்ளார்.

பாருங்கள்! பளபளவென மெருகிட்ட துப்பாக்கியில் இக்குறை கண்ணுக்குத் தோன்றாது. மௌசர் கூட்டின் வன்மை மேற்பரப்பிலேயே ஊட்டப்பெற்றது. மிகுதியாக அராவினாலும் காய்ச்சினாலும் அது நீங்கும். தோட்டா அறையில் தாழுக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளி மயிரிழை கூடினாலும் தோட்டா பிளக்கக் கூடும். அதனை அறிய அளவுகட்டைகள் உண்டு. ஒன்றின்மேல் தாழ் மூடவேண்டும், மற்றொன்றின்மேல் மூடலாகாது. ‘8 மில்லிமீட்டர் மௌசர்’ என்னும் ஒரே பெயரில் .318 அங்குலக் குண்டும் உண்டு, .323 அங்குலக் குண்டும் உண்டு. ஒருசொற் பலபொருள் செய்யுளுக்கு அணியாகலாம். இங்கோ பெரியது சிறிய குழலிற் புகுந்தால் கேடு. ஆதலின் பெயரை நம்பாது அளவை நம்புக. கண்ணை நம்பாது கருவியை நம்புக.

நம் நாட்டிலும் பழைய குடும்பங்கள் சிலவற்றில் இத்தகைய துப்பாக்கிகள் உரிமத்துடன் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்போர் சட்டத்தையும் அறிதல் வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழில் உரிமம் பெற்றோர்க்கே உரியது. 6-ஆம் பிரிவின்படி உரிமமின்றிக் குழலைக் குறைத்தல் குற்றமாகும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. புலியைக் கொல்லக் கொடுத்த கருவி இன்று நினைவுப்பொருளாக மட்டும் நிற்றல் நன்றே. உங்கள் இல்லத்தில் அத்தகையது இருப்பின், ஊர்க்கொல்லரிடம் கொடாதீர்கள். மைந்தர் கையில் அரத்தையும் கொடாதீர்கள். தோட்டா உள்ளே இல்லை என்பதைத் தெரிந்தோரைக்கொண்டு உறுதிசெய்து, உரிமம் பெற்ற தொழிலாளரிடம் காட்டி, அது யாருடையது, எப்போது வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி உரிமச் சீட்டோடு வையுங்கள். அக்குறிப்பு இல்லையேல், இரண்டு தலைமுறையில் அது பெயரற்ற இரும்பாகிவிடும்.

இளைஞர்களே! பழையதென்பதற்காக ஒன்றை வணங்கவும் வேண்டா. பழையதென்பதற்காக அறுக்கவும் வேண்டா. செய்தவன் கருத்து யாது, அது தாங்கும் அளவு யாது, நாம் செய்வதை நமக்குப் பின்வருவோர் மாற்றிக்கொள்ள இயலுமா என்னும் மூன்றையும் வினவிய பின்னரே கருவியைக் கையில் எடுங்கள். துப்பாக்கிக்கு மட்டுமன்று, வீட்டுக்கும் ஏட்டுக்கும் வழக்கத்துக்கும் இம்மூன்று வினாக்களே போதும்.