வில்லின் நாண் மடிப்பான வரலாறு



காலப்பொறி ஏறிப் பழங்காலத்துக்குச் செல்லும் ஒருவன், தன்னையறியாமலே ஓர் அறிவியற் சொல்லைப் புரட்டிவிட்டு மீள்வதாகப் புனைவாளர் எழுதுவர். அத்தகைய புரட்டலுக்குப் பொறி வேண்டுவதில்லை. பொருளறியா எழுதுகோல் ஒன்றே போதும். முக்கோணக் கணக்கியலில் வழங்கும் ‘சைன்’ என்னும் சொல்லே அதற்குச் சான்று.

கி.பி. 499ஐ ஒட்டி ஆரியபட்டர் இயற்றிய நூல், வட்டவில்லின் அரைநாண் அளவுகளை வகுத்துரைத்தது. 3438 அலகு ஆரமுடைய வட்டத்தில் 30 பாகைக்குரிய அரைநாண் 1719, ஆரத்தில் சரிபாதி. வில்லும் நாணும் கண்முன் நின்றன, கணக்கும் விளங்கிற்று. வடமொழியில் அந்நாணுக்குச் ‘சியா’ என்றும் ‘சீவா’ என்றும் பெயர்.

அரபு அறிஞர் இவ்வறிவைப் பெற்றபோது, பொருளைப் பெயர்க்காது ஒலியை மட்டும் வாங்கிச் ‘சீபா’ என்றனர். அரபு எழுத்தில் குற்றுயிர்கள் பெரும்பாலும் எழுதப்படா. ஆகவே, அதனைப் பின்வந்தோர் ‘சைபு’ எனத் தம் மொழிச் சொல்லாகவே படித்தனர். அதற்கு ஆடையின் மார்பு மடிப்பு என்பது பொருள். 12ஆம் நூற்றாண்டில் அரபு நூல்களை இலத்தீனில் பெயர்த்தோர், அம்மடிப்பையே கொண்டு ‘சினுசு’ என்றெழுதினர். அதுவே ‘சைன்’ ஆயிற்று. நாண் அறுந்தது, மடிப்பு நிலைத்தது! தமிழ்நாட்டில் சட்டைப்பையைச் ‘சேபி’ என்றனரே, அதுவும் அவ்வரபுச் சொல்லின் வழிவந்ததே.

கணக்குப் பொய்த்ததோ? இல்லை. 30 பாகைக்கு அன்றும் பாதி, இன்றும் பாதி. ஆயின், பெயரைக் கேட்டதும் பொருள் தோன்றும் வழி அடைபட்டது. ‘சைன்’ என்று உருப்போடும் தமிழ் மாணவன், எதனை அளக்கிறோம் என்றறியாமலே விடையெழுதுகிறான். அவன் பாடநூலிலோ வட்டத்தின் நாண் ‘நாண்’ என்றே உள்ளது! கோணத்தை இரட்டித்து, அதற்கெதிர் நாணைப் பாதியாக்கி, ஆரத்தால் வகுத்தால் கிடைப்பதே அவ்வளவு. அதற்கு ‘அரைநாண்’ என்று பெயரிடத் தடை யாது? அரைநாண் இடுப்பிற் கட்டுவதன்றோ என நகைப்பார் ‘நாண்பாதி’ என்று சொல்லட்டும், இழுக்கில்லை.

ஒலியை மட்டும் கடன்வாங்கினால் சொல் எங்கெங்கோ சென்று திரியும். பொருளுணர்ந்து ஆக்கிய சொல்லோ மாணவனைப் பொருளிடமே கொண்டு சேர்க்கும். சென்றதை மாற்றப் பொறியில்லை. இனி வரும் சொல்லை ஆக்கத் தமிழுண்டு, ஆக்குவோமாக!